புதுப்பிப்பு: புளூ ரிட்ஜ் பார்க்வேயில் பைக் – பெட்ரோல், வளைவு, சுரங்கம்

அமெரிக்காவில் வர்ஜீனியா, வட கரோலினா மலைகள் வழியே போகும் சாலையான புளூ ரிட்ஜ் பார்க்வே பற்றிய என் முந்தைய பதிவில் பெட்ரோலும் வேகமும் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

755 கி.மீ. சாலையில் ஒரு பங்க் கூடக் கிடையாது. குறுக்கே வரும் நெடுஞ்சாலையில் இறங்கித்தான் போட வேண்டும். பாதி டேங்குக்குக் கீழே விடாதீர்கள். வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 45 மைல், அதாவது சுமார் 72 கி.மீ.

அந்த வேகமே சில வளைவுகளுக்கு அதிகம். உள்ளே போகப் போக இறுகும் வளைவுகள் அவை. நுழையும் முன்பே கியரைக் குறைத்து, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வையுங்கள். நடுவில் முன் பிரேக்கைப் பிடித்தால் சாய்ந்த வண்டி நிமிர்ந்து நேராகப் போகும். அங்கே சாலையின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால், வலப்பக்க வளைவென்றால் நேரே எதிர்வண்டிக்கு முன்னால்தான்.

சுரங்கப்பாதைகள் 26, ஒன்று தவிர எல்லாம் வட கரோலினாவில். ஹெல்மெட்டில் கறுப்பு வைசரோடு (முகக் கண்ணாடி) நுழைந்தால் சில நொடி கண் இருட்டிவிடும். தெளிவான வைசரே நல்லது. குளிர்காலத்தில் பாறைக் கசிவு உள்ளே உறைந்துவிடும், அப்போது சாலையின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். 2024 ஹெலீன் புயலும் சாலையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. கிளம்பும் காலையில், இந்தச் சாலையைப் பராமரிக்கும் தேசியப் பூங்கா சேவையின் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.