புதுப்பிப்பு: சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் சேர்ந்துவிட்டேன்

முதுகலை வரலாறு படிக்க ஊர்க் கல்லூரியா, சென்னைப் பல்கலைக்கழகமா என்று ஜூன் மாதம் இங்கே கேட்டிருந்தேன். சென்னைக்கே வந்துவிட்டேன். 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம் என்ற பெருமையைவிட, எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருப்பதுதான் என்னை இழுத்தது.

மாலையில் சாலையைக் கடந்தால் மெரினா. உப்புக் காற்றில் குறிப்பேட்டுத் தாள்கள் படபடக்கும். சுண்டல் பொட்டலத்தை மேலே வைத்துக்கொண்டு விவாதிப்போம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றது நிறைய.

வாடகைதான் நெஞ்சை அடைக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் (வாடகை அறைகள் கொண்ட விடுதி) மூன்று பேருக்கு ஒரே ஜன்னல். வேளச்சேரியில் தங்கிப் பறக்கும் ரயிலில் வரலாம் என்று சொன்ன அக்காவுக்கு நன்றி. அடுத்த மாதம் அங்கே போகிறேன்.