புதுப்பிப்பு: நாயுடன் டார்வின் - கேத்தரின் கேரவன் பயணம்

ஜூலையில் வட ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரிலிருந்து கேத்தரின் ஊருக்குக் கேரவனில் போகிறோம், வழியில் காக்காடு தேசியப் பூங்காவுக்குள் நாயை விடமாட்டார்களே, எங்கள் நாய் மணியை என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டார்வினிலேயே நாய்க் காப்பகத்தில் விடச் சொன்னதுதான் கைகொடுத்தது. இரண்டு இரவு விட்டோம், நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான். உண்ணிப் பட்டையும் முன்பே கட்டினோம். 2020 முதல் அந்தப் பக்கம் உண்ணியால் பரவும் எர்லிக்கியா நோய் இருக்கிறது, பட்டையைக் கட்ட மறந்துவிடாதீர்கள்.

எதிர்பாராதது விஷமுள்ள கரும்புத் தேரை. கேத்தரினில் இரவு தண்ணீர்க் கிண்ணத்தருகே ஒன்றைக் கவ்விவிட்டான். ஈறு செக்கச்செவேலென்று சிவந்து, வாயெல்லாம் நுரை. ஈரத்துணியால் ஈறு, நாக்கு, அண்ணம் எல்லாம் திரும்பத் திரும்பத் துடைத்தோம், ஒவ்வொரு முறையும் துணியை அலசிக்கொண்டு. அப்புறம் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். காலையில் சரியாகிவிட்டான். இருட்டியதும் கிண்ணத்தை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.