அல்சூர் குடும்பம் (குழு)

பெரியப்பா, காலை 6:10
[பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது] முதுமைக்கு முற்றுப்புள்ளி!! டாரின்!! 70 வயதிலும் 30 வயது உடம்பு!! 🙏🙏

பெரியப்பா, 6:11
இரண்டு டப்பா ஆர்டர் போட்டுவிட்டேன். இன்று வந்துவிடும்.

பெரியம்மா, 6:40
ஒரு டப்பா 1,400 ரூபாய். லிஃப்ட் நின்றால் மூன்றாவது மாடிக்கு ஏற முடியாது, இவருக்கு முப்பது வயது கேட்கிறது.

அருண், 8:55
மாமா, நான் குடிக்கிற எனர்ஜி டிரிங்கிலும் அதுதான் இருக்கிறது. அம்மாதான் திட்டுகிறாள்.

அத்தை, 8:56
அதைக் குடித்துவிட்டுத்தான் ஒன்பது மணி வரை தூங்கினாயா?

காயத்ரி, 9:20
பெரியப்பா, அது முழுப் பொய் இல்லை. 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் விஜய் யாதவ் குழுவின் கட்டுரை வந்தது. நம் உடம்பிலேயே இருக்கும் டாரின் என்ற அமினோ அமிலத்தை நடுவயது எலிகளுக்குக் கொடுத்தார்கள். மற்ற எலிகளைவிட 10 முதல் 12 சதவீதம் கூடுதல் காலம் உயிரோடு இருந்தன.

பெரியப்பா, 9:20
பார்த்தாயா!

காயத்ரி, 9:24
மீதியையும் கேளுங்கள். வயது ஏற ஏற உடம்பில் டாரின் குறைகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன அடிப்படை. 2025இல் அதே இதழில், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்காரர்கள் ஒரே ஆட்களின் ரத்தத்தைப் பல வருட இடைவெளியில் பார்த்து எழுதினார்கள். குறையவில்லை. அப்படியே இருந்தது, இல்லாவிட்டால் ஏறியிருந்தது.

பெரியப்பா, 9:26
எலிக்கு நல்லது என்றால் நமக்கும் நல்லதுதானே.

பெரியம்மா, 9:27
சமையலறையில் ஒன்று ஓடுகிறது. முதலில் அதற்குக் கொடுத்துப் பாருங்கள்.

அத்தை, 9:31
சிரித்தது போதும். காயு, அப்படியானால் உருப்படியாக ஒன்றுமே இல்லையா?

காயத்ரி, 9:40
எலிகளில் திரும்பத் திரும்பச் சோதித்தும் நின்றது ராபமைசின் என்ற மருந்து. ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. கண்டுபிடித்தவர் சுரேந்திர நாத் சேகல், கனடாவில் வேலை பார்த்தவர். கம்பெனி அந்த ஆய்வகத்தை மூடியபோது, மனது வராமல் பாக்டீரியாவை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினாராம்.

பெரியம்மா, 9:41
அவர் மனைவி பொறுமைசாலி. என் ஃப்ரீசரில் தேங்காய்த் துருவலுக்கே இடமில்லை.

காயத்ரி, 9:45
2009இல் 600 நாள் வயதான எலிகளுக்குக் கொடுத்தார்கள். மனிதக் கணக்கில் கிட்டத்தட்ட 60 வயது, பெரியப்பா மாதிரி. அதற்கப்புறமும் பெண் எலிகளுக்கு ஆயுள் 14 சதவீதம் கூடியது, ஆண்களுக்கு 9.

பெரியப்பா, 9:46
லிங்க் அனுப்பு.

காயத்ரி, 9:48
மாட்டேன். சிறுநீரக மாற்று செய்தவர்களுக்குக் கொடுக்கும் மருந்து அது. உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைக்கும். வாய்ப்புண் வரும், தொற்று வரும், கொழுப்பு ஏறும். மனிதர்களுக்கு ஆயுளைக் கூட்டியதாக இதுவரை யாரும் காட்டவில்லை.

அருண், 9:50
சர்க்கரைக்கு அம்மா போடுகிற மெட்ஃபார்மின் மாத்திரை? அதைப் பற்றியும் சொல்கிறார்களே.

காயத்ரி, 9:55
சர்க்கரை இல்லாத, 65 முதல் 79 வயது வரை உள்ள 3,000 பேரிடம் சோதிக்க நிர் பார்சிலாய் என்பவர் பல வருடமாகத் திட்டம் வைத்திருக்கிறார். காப்புரிமை தீர்ந்த மலிவு மாத்திரை, எந்தக் கம்பெனி பணம் போடும்? அதுதான் சிக்கல். எனக்கு ஆத்திரமே இதில்தான். டப்பா விற்கிறவனுக்கு மட்டும் எந்தச் சோதனையும் தேவையில்லை.

காயத்ரி, 9:57
பெரிய வேலை நம் பக்கத்திலேயே நடக்கிறது. பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) வளாகத்து மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் 45 வயது தாண்டிய கிராமத்து மக்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கிறது. நினைவாற்றல், ரத்தம், எம்ஆர்ஐ எல்லாம். மறதி நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ள. இலக்கு 10,000 பேர்.

பெரியம்மா, 9:59
சீனிவாசபுராவா? மாம்பழ ஊராயிற்றே!

பெரியப்பா, 11:32
டப்பா வந்துவிட்டது.

பெரியப்பா, 11:38
ரிட்டர்ன் போட எங்கே அமுக்க வேண்டும்?

அருண், 11:40
பிரிக்காமல் வையுங்கள் மாமா. சாயங்காலம் வந்து போட்டுத் தருகிறேன்.

பெரியம்மா, 11:41
வரும்போது ஒரு எலிப்பொறி வாங்கி வா.