புதுப்பிப்பு: கால் தளர்ந்த சிறுவனின் பரிசோதனை முடிவு

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு சிறுவனுக்குத் திடீரெனக் கால் தளர்ந்ததையும், அவனது மல மாதிரி எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். முடிவு வந்துவிட்டது: போலியோ இல்லை. இப்போது சுவரைப் பிடித்தபடி நடக்கிறானாம். மனசுக்கு அவ்வளவு நிம்மதி.

அப்போது பலர் கேட்டது, "இலங்கையில் 1993க்குப் பிறகு போலியோ நோயாளியே இல்லையே, எதற்கு இந்தப் பாடு?" நியாயமான கேள்விதான். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் இன்னும் சுற்றுகிறது. தொற்றியவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவருக்குத்தான் கை கால் தளரும் வாதம் வரும். மற்றவர்கள் தெரியாமலே பரப்புவார்கள். அதனால் கால் தளர்ந்த ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்தே ஆகவேண்டும்.

வாதம் தொடங்கி 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரிகள் வேண்டும். ஐஸ் பெட்டியில் குளிர் குறையாமல் கொழும்புக்கு வரவேண்டும். இங்கே எல்20பி என்ற, போலியோ வைரஸ் தொற்றக்கூடிய, ஆய்வுகூடத்தில் வளர்க்கும் செல்களில் அதை இடுவோம். போலியோ இருந்தால், குடுவையின் அடியில் பரவி ஒட்டியிருக்கும் செல்கள் உருண்டு, கழன்று மிதக்கும். இவனுடையவை அப்படியே ஒட்டியிருந்தன.

வைரஸ் மலத்தோடுதானே வெளியேறுகிறது, சாக்கடை நீரைச் சோதித்தால் போதாதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நகரத்துக்குச் சரி. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் குழிக் கழிப்பறைகள்தானே, எல்லாம் வந்து சேரும் வாய்க்கால் ஏது? அங்கே தாயும் தோட்டத்து மருத்துவிச்சியும்தான் எங்கள் கண்கள்.

15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கை கால் திடீரெனத் தளர்ந்தால், எண்ணெய் தடவிப் பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.