கலைச்சொல்: ‘பேசிவ் சென்சிங்’குக்குத் தமிழில் என்ன?

கோவையிலிருந்து (செயலி உருவாக்கம்):

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர் மனநலச் செயலி ஒன்றின் ஒப்புதல் படிவத்தில் ‘பேசிவ் சென்சிங்’ (போனும் வாட்சும் தாமாகவே தரவு எடுப்பது) என்பதைச் ‘செயலற்ற உணர்தல்’ என்று எழுதியிருக்கிறார்கள். போனும் ஸ்மார்ட் வாட்சும் ஓயாமல் வேலை செய்கையில் இங்கே எது செயலற்றது? மனநலப் படிவத்தில் அந்தச் சொல்லைப் பார்க்கும் மாணவர் தன் நிலையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைப்பார். நாளுக்குச் சில முறை ‘இப்ப மனசு எப்படி இருக்குதுங்க?’ என்று கேட்டு வாங்குவதை ‘வினவிய பதிவு’ என்றும், நடை, தூக்கம், இதயத்துடிப்பு போலத் தானாக எடுப்பதை ‘வினவாப் பதிவு’ என்றும் சொல்லலாமா?

ஈரோட்டிலிருந்து (மாணவர் ஆலோசனை):

இணை நன்றாக இருக்குதுங்க ஐயா, ஆனால் படிவத்துக்கு ஆகாது. ‘வினவா’ என்றால் அனுமதி கேட்காமல் எடுப்பது என்றே படும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரிக்கையை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் படித்துக் கையெழுத்திடுபவருக்கு இந்தச் சொல்லே பயம் தரக் கூடாது. ‘உணரிப் பதிவு’ (உணரி என்றால் சென்சர்) போதாதா?

திருச்செங்கோட்டிலிருந்து (அணிகருவித் தரவு):

போதாதுங்க. திரை திறந்த நேரமும் அழைப்பு எண்ணிக்கையும் உணரியிலிருந்து வருவதில்லை, ஆண்ட்ராய்டின் சொந்தக் குறிப்பிலிருந்து வருகின்றன. 2013-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 48 மாணவர்களிடம் 10 வாரம் நடந்த ‘ஸ்டூடண்ட்லைஃப்’ ஆய்விலும் இரண்டும் கலந்தே இருந்தன. என் பரிந்துரை ‘பின்னணிப் பதிவு’.

கூடவே, தரவே வராமல் போவதைச் சொல்ல ‘பதிவு விடுபாடு’ என்ற சொல்லும் வேண்டும். பேட்டரியைச் சேமிக்கப் போன் செயலியை நிறுத்திவிட்டால் அன்றைய நடை 0 என்று விழும். நாள் முழுக்க விடுதி அறையிலேயே முடங்கிக் கிடந்தவரின் தரவும் அப்படித்தான் இருக்கும். நிரலில் இரண்டையும் பிரிக்காவிட்டால் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு எச்சரிக்கை போகும். விடுபாட்டை 0 ஆக்காமல் வெற்றாகவே விடுங்கள்.

வாட்சிலும் இதே தொல்லை. பச்சை ஒளி தோலில் பட்டுத் திரும்புவதை வைத்துத்தான் அது துடிப்பை எண்ணுகிறது. பட்டை தளர்ந்து, பெருந்துறை ரோட்டில் பஸ் குலுங்கினால் ஒரு துடிப்பு தவறும். 800 மில்லிநொடி இடைவெளி 1600 ஆகும். துடிப்பு இடைவெளி மாறுபாடு (அடுத்தடுத்த துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு) அந்த ஒன்றாலேயே எகிறிவிடும். தூங்கும் நேரத் தரவை மட்டும் எடுங்கள். பட்டை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாமல் இருக்கட்டும்.

ஈரோட்டிலிருந்து:

‘பின்னணிப் பதிவு’க்கு என் சம்மதம். ஒன்றை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்: மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாளின் ஒன்பதாம் கேள்வி. சாவு, தற்காயம் பற்றிய எண்ணத்தைக் கேட்பது அது. மொத்த மதிப்பெண் வழக்கமான எச்சரிக்கை வரம்பான 10-ஐத் தொடாவிட்டாலும் அதற்கு 0 தவிர எந்த விடை வந்தாலும் உடனே ஆலோசகர் பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 அதே திரையில் தெரிய வேண்டும்.

படிவத்துக்கு இப்படி எழுதிப் பார்த்தேன், திருத்துங்க:

“பின்னணிப் பதிவு: நீங்கள் எதையும் தட்டாமலே போனும் வாட்சும் குறித்துக்கொள்பவை. எத்தனை அழைப்பு என்பது பதிவாகும். யாரிடம், என்ன பேசினீர்கள் என்பது பதிவாகாது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிறுத்தினாலும் ஆலோசனை தொடரும்.”