தங்கக் கல்லறையை நீலகிரியில் வாசித்தவர்கள்

குன்னூரில் இருந்து

தொண்ணூறுகளில், சிவகாசியில் இருந்து வரும் முத்து காமிக்ஸில், கௌபாய் நாயகர் கேப்டன் டைகரின் ‘தங்கக் கல்லறை’ என்ற படக்கதை தமிழில் வந்தது. அதை நம் மலையில் இருந்து படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். முதலில் எப்படிக் கைக்கு வந்தது, இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தால் எது கண்ணில் படுகிறது, எழுதுங்களேன். முடிவை மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். புதிதாகப் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

என் கதையை முதலில் சொல்கிறேன். சிவகாசிப் புத்தகங்கள் எங்களுக்கு மேட்டுப்பாளையம் வழியாக பஸ்ஸில்தான் ஏறி வரும். பஸ் ஸ்டாண்டு பெட்டிக் கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பர்லியார் பக்கம் மண் சரிந்தால் பேப்பரும் வராது, டைகரும் வரமாட்டார். வாங்குவதைவிடக் காப்பாற்றுவது பெரிய பாடு. ஜூன் பிறந்துவிட்டால் மட்டமான தாள் நமத்துப்போகும், அட்டையில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பிடிக்கும். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் அம்மா வடகத்தோடு என் காமிக்ஸையும் வாசலில் காயவைப்பார். இன்றைக்கும் என் பிரதி ஓரமெல்லாம் சுருண்டு, பழுப்பேறி, ஆனால் முழுசாக இருக்கிறது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பாலோமிட்டோ என்கிற ஊரில் டைகர் மார்ஷலாக இருக்கிறார். தன்னை ஜெர்மன் பிரபு என்று சொல்லிக்கொள்ளும் லக்னர், சூப்பர்ஸ்டிஷன் மலைக்குள் தங்கச் சுரங்கம் இருக்கிறது என்று ஆசை காட்ட, கிழவர் ஜிம்மி மயங்கி அவன் பின்னால் போய்விடுகிறார். சிநேகிதனைத் தேடி டைகர் கிளம்புகிறார். மலைக்குள்ளே யாரோ தங்கத் தோட்டாவால் சுடுகிறார்கள். பள்ளி நாட்களில் அந்தத் தோட்டா எங்கிருந்து வருகிறது என்கிற பரபரப்பிலேயே பக்கங்களைத் தள்ளிவிட்டேன்.

இந்த முறை கண் பாறைகளிலேயே நின்றுவிட்டது. முன்னால் இருக்கிற பாறையில் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனி. வெயில் படுகிற பக்கத்தை ஓவியர் வெறும் வெள்ளையாக விட்டிருக்கிறார், நிழல் பக்கத்தில் கோடுகளை நெருக்கியிருக்கிறார். தள்ளிப் போகப் போகக் கோடு மெலிந்து, கடைசி மலை ஒரே இழையாக முடிகிறது. கோடநாடு காட்சிமுனையில் பனிமூட்டம் விலகுகிற நேரம் நின்றிருக்கிறீர்களா? ரங்கசாமி தூணின் பிளவுகள் கிட்டத்தில் தெரியும், கீழே மாயாறு பள்ளம், அப்புறம் தெங்குமரஹாடா வயல்கள், அதற்கும் அப்பால் மலைகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போகும். தூரம் என்பது எப்படித் தெரியும் என்று அந்த ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது. மனிதர்களுக்குக் கொடுத்த அதே மரியாதையை நிலத்துக்கும் கொடுத்து வரைந்திருக்கிறார். இதை எழுதத்தான் இவ்வளவும்.

கோத்தகிரியில் இருந்து

நான் ஓவிய ஆசிரியை. டைகர் எனக்கு அண்ணன் வழியாக வந்தார். அவனுக்குத் துப்பாக்கிச் சண்டை, எனக்குக் குதிரைகள்.

வரைந்தவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. ழான் ஜிரோ 1938-இல் பாரிஸ் நகரத்தை ஒட்டிய ஊரில் பிறந்தவர். பதினேழு, பதினெட்டு வயதில் அம்மாவோடு மெக்சிகோ போய்ச் சில மாதங்கள் தங்கினார். அங்கே பார்த்த பாலைவனமும் அந்த வானமும் கடைசிவரை அவரை விடவில்லை. பிறகு ஜிஜே என்ற பெல்ஜியம் ஓவியரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். 1963-இல் ‘பிலோத்’ வாரப் பத்திரிகையில் ஷார்லியே கதை எழுத, ஜிரோ படம் வரைய, ப்ளூபெர்ரி என்ற பெயரில் தொடங்கியவர்தான் நம் டைகர். ஆரம்பத்தில் அந்த முகத்துக்கு மாதிரி, நடிகர் ழான் போல் பெல்மோண்டோ. அந்த உடைந்த மூக்கு அங்கிருந்து வந்தது.

தங்கக் கல்லறையின் இரண்டு பாகங்களும் பிரெஞ்சில் தொடராக வந்தது 1969, 1970 வாக்கில். முதல் கதைகளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் குருவின் கை தெரிகிறது, தடித்த தூரிகைக் கோடு. இதற்கு வருவதற்குள் அதே தூரிகை மயிரிழைக்கு இறங்கிவிட்டது. இந்தத் தொடருக்கு அவர் தூரிகைதான் பிடித்தார், ‘ஜிர்’ என்று கையெழுத்துப் போட்டார். மோபியஸ் என்ற பெயரில் வரைந்த விண்வெளிக் கதைகளுக்குப் பேனா. ஒரே மனிதர், இரண்டு கருவி, இரண்டு கை. ‘ஏலியன்’, ‘ட்ரான்’ படங்களுக்கு வேலை செய்தவரும் இவரேதான் என்றால் என் மாணவர்கள் நம்பவே மாட்டார்கள்.

வகுப்பில் ஒரு சிறிய கட்டத்தைப் பெரிதாக்கிக் கொடுத்து, நம்பர் இரண்டு பிரஷ்ஷும் இந்தியன் இங்க்கும் வைத்து அப்படியே எடுத்து வரையச் சொன்னேன். குதிரையைச் சமாளித்துவிட்டார்கள். சேணத்தின் தோல் வாரில்தான் மாட்டிக்கொண்டார்கள். வார் எங்கே கொக்கியில் நுழைகிறது, எங்கே மடிகிறது, எந்த இடம் தேய்ந்து பளபளக்கிறது, எல்லாம் அந்தக் கட்டைவிரல் அளவு இடத்துக்குள் இருக்கிறது. தூரிகையை அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். அந்த விட்டுப் பிடிக்கிற கணக்கு அவர் மணிக்கட்டில் இருந்தது. இதைப் பாடமாகச் சொல்லித் தரவே முடியாது, பார்த்துப் பார்த்து வரைந்தால்தான் உண்டு.

மசினகுடியில் இருந்து

கோடநாடு சரி. ஆனால் டைகரின் நிலம் எங்கள் சீகூர் பக்கம்தான். மலையின் மறைவில் இருப்பதால் ஊட்டியில் கொட்டுகிற மழை எங்களுக்கு எட்டாது. கல்லட்டி வளைவுகளில் இறங்க இறங்கச் சோலை போய், யூகலிப்டஸ் போய், முள்ளும் புழுதியும் வரும். ஏப்ரலில் பாறைமேல் கை வைக்க முடியாது. ஜிம்மி நாக்கு வறண்டு தண்ணீருக்குத் தவிக்கிறபோது எனக்குத் தொண்டை காய்ந்தது. மாடு மேய்க்கப் போகும்போது இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் படித்த புத்தகம் அது.

தேவாலாவில் இருந்து

இந்தக் கதையை எங்கள் ஊர்க்காரன் எப்படிப் படித்திருப்பான் என்று நீங்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் காலடியிலேயே தங்கச் சுரங்கம் இருக்கிறது.

தாத்தா இலங்கையில் இருந்து திரும்பி வந்து, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலைக்குச் சேர்ந்தவர். நாங்கள் வளர்ந்தது தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில். தேயிலைக் காட்டுக்கு அப்பால், காட்டோரமாகப் பழைய குழிகளும் குகை மாதிரி வாய்களும் உண்டு. அந்தப் பக்கம் போகாதே என்று பாட்டி சொல்லும்போது அதில் யானைப் பயம் பாதி, குழிப் பயம் பாதி. பெரியவர்கள் அதற்கு வெள்ளைக்காரன் ஆவி என்று ஒரு காவலையும் போட்டு வைத்திருந்தார்கள்.

பிறகுதான் வரலாறு தெரிந்தது. இந்தப் பக்கத்து மக்கள் ஓடை மணலை அலசிப் பொன் எடுப்பது காலங்காலமாக நடந்தது. 1879-இல் ஆஸ்திரேலியாவில் இருந்து பிரோ ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் அரசாங்கத்துக்காக வந்து பார்த்தார். வெள்ளைக்கல் பாறையில் பொன் ஓடுகிறது என்ற செய்தி லண்டன் போனது. கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். தேவாலா, பந்தலூர் முழுக்கத் தோண்டினார்கள். கிடைத்த பொன் செலவுக்குக் காணவில்லை. சில வருடங்களிலேயே எல்லாம் படுத்துவிட்டது. இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன, நிலம் தோட்டமாயிற்று.

கதையில் வருகிற சுரங்கத்துக்கும் நிஜ வேர் உண்டு. அரிசோனாவின் சூப்பர்ஸ்டிஷன் மலையில் ஜேக்கப் வால்ட்ஸ் என்ற ஜெர்மன்காரர் ஒரு சுரங்கம் கண்டுபிடித்ததாகவும், 1891-இல் அவர் செத்தபிறகு அந்த இடம் யாருக்கும் கிடைக்கவில்லை என்றும் ஒரு நம்பிக்கை. அதைத் தேடிப்போய் உயிரை விட்டவர்கள் பலர். எங்கள் ஊரிலும் பழைய குழிக்குள் திருட்டுத்தனமாக இறங்கி, மண் சரிந்து மாண்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் எனக்கு ஜிம்மி சிரிப்புக் கிழவர் மட்டும் இல்லை. சுரங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் மாறுகிற அவர் முகத்தை எங்கள் ஊர் டீக்கடையில் நேரில் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்கல் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, நனைத்து, வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு மாமா. கதை எழுதியவருக்கும் படம் போட்டவருக்கும் அந்த ஆசை எப்படி ஆளைப் பிடிக்கும் என்று தெரிந்திருக்கிறது.

ஊட்டியில் இருந்து

நான் கறுப்பு வெள்ளையில் படிக்கவே இல்லை. பின்னால் வந்த வண்ண மறுபதிப்புதான் எனக்கு முதல் டைகர், மாமா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தார். எல்லாரும் கோட்டைப் பற்றியே சொல்கிறீர்கள். வண்ணத்தில் ஒரு பகல் முழுவதும் நடக்கிறது. காலையில் வெளிர் மஞ்சள், உச்சியில் கண் கூசும் ஆரஞ்சு, ராத்திரியில் எல்லாரும் நீலமாகிவிடுகிறார்கள். மணி என்ன என்று யாரும் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. இதைக் கறுப்பு வெள்ளையில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

குன்னூரில் இருந்து

நல்ல கேள்வி தங்கச்சி. நிழலின் நீளத்தை வைத்துத்தான். உன் பதிப்பிலும் அது இருக்கிறது, வண்ணத்துக்கு அடியில் தேடிப் பார். உச்சி வெயில் என்றால் தொப்பியின் நிழல் கண்ணோடு நிற்கும், சாயங்காலம் என்றால் குதிரையின் நிழல் கட்டத்தைத் தாண்டி ஓடும். வண்ணப் பதிப்பு அழகு, மறுக்கவில்லை. இருந்தாலும் தூரிகையைப் படிக்க வேண்டுமென்றால் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் பிரதிதான் என்பேன். தாளில் மை கசிந்து, பின்பக்கப் படம் லேசாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் இங்கே வைக்க வேண்டும். ஷார்லியே 1989-இல் காலமானார். அதற்கப்புறம் கதையையும் ஜிரோவே எழுதி, 1995 முதல் 2005 வரை தொடரை நடத்தினார். நாம் பஸ் ஸ்டாண்டு கடையில் பழைய டைகருக்குக் காத்திருந்த அதே வருடங்களில், அவர் புது டைகரை மேஜையில் வரைந்துகொண்டிருந்தார். அந்தக் கதைகள்தான் தமிழில் ‘என் பெயர் டைகர்’ ஆக வந்தன. அதில் மலை குறைவு, ஊரும் ஆட்களும் அதிகம். 2012 மார்ச்சில் ஜிரோ மறைந்தார்.

தேவாலா நண்பரே, அந்தக் குழிகளைப் பற்றி இன்னும் எழுதுங்கள். தங்கக் கல்லறை கூடலூர், பந்தலூர் பக்கம் எந்தக் கடைக்கு வந்தது என்றும் சொல்லுங்கள். கோத்தகிரி டீச்சர், மாணவர்கள் வரைந்த அந்தச் சேணத்தைப் படம் எடுத்துப் போட முடியுமா?