அரசு மருத்துவமனைப் புறக்காவல் நிலையத்தின் அதிகாரம் எதுவரை?

பொருநைக்கரையான் (கேள்வி):
நிலத்தகராறில் எங்கள் சித்தப்பாவை இரும்புக் கம்பியால் அடித்துக் கையை முறித்துவிட்டார்கள். பக்கத்து மாவட்டத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவரைச் சேர்த்தோம். அங்குள்ள புறக்காவல் நிலையத்தில் இருந்த காவலர் விவரங்களைக் குறித்துக்கொண்டாரே தவிர, புகாரை வாங்க மறுத்து, "உங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டார். இதற்கிடையில், சிகிச்சை தாமதமானது குறித்துச் சத்தம் போட்ட என் தம்பியை, தனியார் நிறுவனத்தின் பாதுகாவலர்கள் காலையிலிருந்து மாலை வரை ஓர் அறையில் அடைத்து வைத்துவிட்டு, பிறகு எதுவும் எழுதாமலேயே அனுப்பிவிட்டார்கள். இந்த இரு தரப்பினருக்கும் சட்டப்படி என்ன அதிகாரம் இருக்கிறது?

வழக்காடி:
மருத்துவமனைக்கென்று தனியான காவல் அதிகாரம் எதுவும் நம் மாநிலத்தில் இல்லை. புறக்காவல் நிலையத்தில் இருப்பவர் முழு அதிகாரமுள்ள காவலர்தான். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் அவர் கண்முன் நடந்தால் அவரே கைது செய்யலாம். ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் வேலை. அரசு காவல் நிலையமாக அறிவிக்காத ஒரு புறக்காவல் நிலையத்துக்கு அந்த வேலை கிடையாது. அதற்காக உங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியது சரியாகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெற வேண்டும் என்கிறது. கம்பியால் அடித்ததும் எலும்பு முறிந்ததும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்கள் என்பதால், அந்தப் புறக்காவல் நிலையம் எந்தக் காவல் நிலையத்தின் கீழ் இருக்கிறதோ அங்கே, எல்லையைப் பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கையான 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிவு செய்து உங்கள் ஊருக்கு மாற்றியிருக்க வேண்டும். மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதன் பிறகு குற்றவியல் நடுவரை அணுகலாம்.

இரவுப்பணி:
விபத்துப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் நடைமுறையைச் சொல்கிறேன். யார், எங்கே, எப்போது, எதைக்கொண்டு அடித்தார்கள் என்று பணி மருத்துவர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். "தெரிந்த 2 நபர்கள் இரும்புக் கம்பியால் தாக்கியதாகக் கூறுகிறார்" என்ற அந்த ஒரு வரி, வழக்கில் பின்னால் பெரிதாகப் பேசப்படும். அதன் நகல் புறக்காவல் நிலையத்துக்குப் போகும்; அவர்கள் சம்பவ இடத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பார்கள்; அங்கிருந்து ஒருவர் படுக்கைக்கே வந்து வாக்குமூலம் வாங்குவார். ஆகவே அந்தக் காவலர் குறித்துக்கொண்டது வீண் அல்ல. யாரும் வரவில்லை என்றால் ஏ.ஆர். காப்பியின் (அந்த விபத்துப் பதிவேட்டு நகலின்) எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பொருநைக்கரையான்:
மிக்க நன்றி. தம்பியின் விஷயம் என்ன, ஐயா?

வழக்காடி:
பாதுகாவலருக்கு இருப்பது உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதிகாரம் மட்டுமே. மேலே சொன்ன நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, பிணையில் விட இயலாததும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தைத் தம் முன்னிலையில் செய்தவரை எவரும் பிடிக்கலாம். ஆனால் தேவையற்ற தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கும் 2008ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் பிணையில் விட இயலாதது என்பதும், மிரட்டுவதையும் பணிக்கு இடையூறு செய்வதையும்கூட அந்தச் சட்டம் வன்முறையாகவே கருதுகிறது என்பதும் உண்மை. ஆகவே தம்பி என்ன பேசினார் என்பது முக்கியம். வெறுமனே குரலை உயர்த்தினார் என்றால் அடைத்து வைத்ததே குற்றம். சட்டவிரோதமாக அடைத்து வைத்தலுக்கு, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவு இருக்கிறது. பல இடங்களில் இவர்களுக்குக் காக்கி உடுப்பைக் கொடுத்துவிடுவதால்தான் மக்கள் மிரள்கிறார்கள். காவல்துறைச் சீருடையைப் போலத் தோன்றும் உடையைத் தனியார் பாதுகாவலர் அணிவதே, தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரியது.

கோபாலபட்டினம்:
பெண் மருத்துவர் கொலை செய்யப்பட்ட கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையை நிறுத்தினார்களே, அவர்களுக்காவது விசாரிக்கும் அதிகாரம் உண்டா?

வழக்காடி:
இல்லை. பிடியாணையின்றிக் கைது செய்யவும் சோதனையிடவும் அவர்களுக்குத் தனிச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் பிடித்தவரைக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அங்கே கொலை வழக்கை விசாரித்தது சி.பி.ஐ.

பொருநைக்கரையான் அவர்களுக்கு ஒன்று: மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்து புதிய பதிவு ஏறிவிடும். அந்த அறை வாசலின் பதிவைப் பாதுகாக்கும்படி, தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, மருத்துவமனை முதல்வருக்கு இன்றே எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.